மூன்று அமுக்கு போதும்: தேன்பெட்டிக்குப் புகை போடும் விதம்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் தம்பி மகன் போன் செய்தான். பின்னால் ஒரே ஈ இரைச்சல். “அத்தை, ஸ்மோக்கர் மூணாவது தடவையா அணைஞ்சு போச்சு. பெட்டியத் திறந்துட்டேன். இப்ப என்ன செய்ய?” முகவலைக்குள்ளிருந்து பேசுகிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. மூடியைப் போட்டுவிட்டு இருபது அடி தள்ளிப் போய் நில், அப்புறம் பேசலாம் என்றேன்.

பையன் மானியத்தில் ஐந்து பெட்டி வாங்கியிருந்தான். இரண்டு நாள் பயிற்சிக்கும் போனான். ராணி எது, ஆண் ஈ எது, சர்க்கரைப் பாகு எந்தப் பதத்தில் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள், ஸ்மோக்கரைக் கையில் தூக்கி “இது புகை போடும் கருவி” என்று காட்டிவிட்டு மேசையில் வைத்துவிட்டார்களாம். என்ன போட வேண்டும், எப்படிப் பற்ற வைக்க வேண்டும், எவ்வளவு அடிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இவன் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக் கொளுத்தியிருக்கிறான். அணையாமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் எனக்கு இப்போது 64 பெட்டி இருக்கிறது. எல்லாம் இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். நான் சொல்லும் அளவெல்லாம் இந்த ஈக்குத்தான். இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடப் போடலாம், அது தாங்கும். நம் ஈ தாங்காது.

முதலில் புகை உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதி தவறு தானே நின்றுவிடும். கொட்டுகிற ஈ, கொடுக்கோடு சேர்த்து ஒரு வாசனையையும் அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது. முகர்ந்து பாருங்கள், பழுத்த வாழைப்பழ வாசனை அடிக்கும். ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருள் அது. கடையில் விற்கும் வாழைப்பழ எசன்ஸில் இருப்பதும் அதேதான். மற்ற ஈக்களுக்கு அது ‘எதிரி இங்கே’ என்ற அடையாளம். ஒரு கொட்டு விழுந்த இடத்திலேயே அடுத்த நாலும் விழுவது அதனால்தான். எங்கள் ஊரில் மட்டி வாழைப்பழம் இல்லாமல் புட்டு தொண்டையில் இறங்காது. ஆனாலும் பெட்டி திறக்கும் நாளில் எங்கள் வீட்டில் புட்டுக்குப் பயறுதான். பழத்தைத் தின்றுவிட்டு அந்தக் கையோடு போய் நிற்காதீர்கள்.

புகை அந்த வாசனையை அமுக்கிவிடுகிறது. ஈயின் உணர்கொம்பையும் கொஞ்ச நேரம் மந்தமாக்குகிறது. 10 நிமிடமோ 20 நிமிடமோ, அவ்வளவுதான், அப்புறம் தெளிந்துவிடும். இன்னொன்றும் நடக்கிறது. புகை வாடை பட்டதும் ஈக்கள் தேன் இருக்கும் அடைக்கு ஓடி, வயிறு முட்டக் குடிக்கின்றன. காட்டுக்குள் வாழ்ந்த சாதி அல்லவா! தீ வந்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும், கட்டுச்சோறு வேண்டும். அந்த வேலையில் மூழ்கிய ஈக்கு உங்களைக் கவனிக்க நேரமில்லை. ஆனால் இதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். புகையை அடித்த கையோடு மூடியைத் தூக்கினால், ஈக்கு எச்சரிக்கை மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கும். புகையை மயக்க மருந்து மாதிரி நினைத்து, ஈ சுருண்டு விழும் வரை அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மயங்காது. மூச்சு முட்டி வெளியே வரும்.

எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் ஒரு ஓவியம் இருக்கிறது. 3,400 வருடத்துக்கும் மேல் பழையது. ஒருவன் புகையும் பாத்திரத்தைக் கையில் பிடித்து நிற்க, இன்னொருவன் கூட்டிலிருந்து அடையை எடுக்கிறான். அதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது. சிரட்டையில் (கொட்டாங்குச்சி) கங்கைப் போட்டு, மேலே கதம்பை (தேங்காய் மட்டை) நாரை வைத்து, வாயால் ஊதிக்கொண்டே பெட்டி திறப்பார். அவசரத்துக்குப் பழைய வேட்டியைக் கிழித்து, இறுக்கிச் சுருட்டி, திரி மாதிரி நுனியில் பற்ற வைப்பார். ஐந்து பெட்டிக்குள் வைத்திருப்பவருக்கு இன்றைக்கும் அந்தத் துணித்திரி போதும், காசு செலவில்லை. தூய பருத்தித் துணியாக மட்டும் இருக்க வேண்டும். ஒரே சங்கடம், ஊதுவதற்கு முகத்தைப் பெட்டியருகே கொண்டுபோக வேண்டும். நாம் விடும் மூச்சு ஈக்கு ஆகவே ஆகாது. அதற்குப் புகையை விட மூச்சுதான் பெரிய பகை.

துருத்தி வைத்த ஸ்மோக்கர் வந்தது 1870-களில், அமெரிக்காவில். மோசஸ் குவின்பி என்பவர் தகர டப்பாவோடு துருத்தியைச் சேர்த்தார். கொஞ்ச நாளில் பிங்காம் என்பவர் அதில் சின்னதாக ஒரு மாற்றம் செய்தார். துருத்தியின் காற்று வாயையும் டப்பாவின் ஓட்டையையும் ஒட்ட வைக்காமல், நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டார். துருத்தியை அமுக்காத நேரத்திலும் அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போகும். நிமிர்த்தி வைத்தால் நெருப்பு தானே உயிரோடு இருக்கும். உங்கள் ஸ்மோக்கரைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், அந்த இடைவெளி தெரியும். தம்பி மகன் அதைத் தயாரிப்புக் குறை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்திருந்தான்! அடிக்கடி அணைந்ததற்குச் செய்தித்தாள் பாதிக் காரணம் என்றால் இது மீதி.

எங்கள் பக்கம் 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் மரப்பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம்தான் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. எங்கள் தாத்தா காலத்துப் பெட்டியும் அந்த வழியில் வந்ததுதான். அப்பாவிடம் ஒரு தகர ஸ்மோக்கர் இருந்தது, பெயின்ட் டப்பாவை வெட்டிப் பட்டறையில் செய்தது. 1991, 92-ல் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து கேரளத்திலும் இங்கேயும் பெரும்பாலான தேனீக் கூட்டங்கள் அழிந்தபோது, எங்களிடம் மிஞ்சியது அந்த ஸ்மோக்கரும் காலிப் பெட்டிகளும்தான். சில வருடம் கழித்து நான் மறுபடி பெட்டி வைத்தபோது பரணிலிருந்து அதை எடுத்தேன். தோல் முழுக்க எலி கடித்திருந்தது, தகரம் சல்லடை. புதிதாக வாங்கினேன்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். தகரத்தை விட எவர்சில்வர் நல்லது, விலை கொஞ்சம் கூடினாலும் துருப்பிடிக்காது. டப்பாவைச் சுற்றி ஒரு கம்பி வலையோ தகட்டுக் கவசமோ இருக்க வேண்டும், இல்லையென்றால் தொடையில் இடித்து வைத்தால் கொப்புளம்தான். உள்ளே அடியில் கால் வைத்த ஓட்டைத் தட்டு ஒன்று இருக்க வேண்டும். சாம்பல் அதற்குக் கீழே விழுந்து காற்றுவழி அடையாமல் இருப்பது அதனால்தான். தட்டு இல்லாமல் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். பெரிதாக வாங்க வேண்டாம். இத்தாலியத் தேனீக்காரர்கள் வைத்திருக்கும் யானைக்கால் அளவு டப்பா நம் சின்னப் பெட்டிக்கு எதற்கு?

இனி உள்ளே போடும் சமாச்சாரம். ஸ்மோக்கர் வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

எங்களுக்குக் கதம்பைதான் முதல். தேங்காய் உரித்த கதம்பையை நாலைந்து நாள் வெயிலில் காயவைத்து, கல்லில் வைத்துத் தட்டினால் நாரும் சோறும் (நாருக்கு நடுவே இருக்கும் துகள்) பிரியும். சோற்றை உதறிவிட்டு, நாரைக் கையில் முறுக்கி, முஷ்டி அளவு உருண்டைகளாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கனியும், வெள்ளையாகப் புகையும், வாடையும் உறுத்தாது. ஈரக் கதம்பையை அடுப்புக்கு மேல் பரணில் போட்டு வைத்தால் மழைக்காலத்துக்கும் கவலையில்லை. அடுத்தது சில்லாட்டை, தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்குமே, அது. சீக்கிரம் பற்றும், சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் நான் அதைத் தீ மூட்ட மட்டும் வைத்துக்கொள்கிறேன். சணல் சாக்கும் நல்லதுதான், ஆனால் அந்தச் சாக்கில் முன்பு என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். பூச்சிமருந்து அடித்த தானியச் சாக்கைக் கொளுத்திப் பெட்டிக்குள் விட்டால், நீங்களே ஈக்கு விஷம் வைத்த மாதிரி. சிமெண்ட், உரம் வரும் நரம்புச் சாக்கு பிளாஸ்டிக். சணல் மாதிரித் தெரிந்தாலும் தொடாதீர்கள்.

ரப்பர் தோட்டத்தில் இருக்கும் ஆளுக்கு இன்னொரு ஆசை வரும். ஒட்டுப்பால். சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பால், தீக்குச்சி காட்டினால் குப்பென்று பற்றும், எத்தனை மழையிலும் அணையாது. எங்கள் அம்மா விறகடுப்பு மூட்டுவதே அதில்தான். ஸ்மோக்கருக்குள் அது போகக் கூடாது. கரிப்புகை, டயர் எரிந்த நாற்றம், ஈயெல்லாம் வெறி பிடித்த மாதிரி வெளியே வரும். அந்த நாற்றம் மெழுகில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது. முந்திரித்தோடும் அதே கதை. இங்கே முந்திரி ஆலைகள் உண்டு, தோடு மலிவாகக் கிடைக்கும், எண்ணெய் இருப்பதால் நன்றாக எரியும். அந்த எண்ணெய் கையைப் பொத்தவைக்கும் எண்ணெய், அதன் புகை உங்கள் கண்ணை என்ன செய்யுமோ அதையேதான் ஈக்கும் செய்யும். மண்ணெண்ணெய், பெட்ரோல், கற்பூரம், புகையிலை எதுவும் வேண்டாம். வேப்பிலை நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. கொசுவுக்கு நல்லதாக இருக்கலாம். நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், கார்ப்பு தாங்காமல் நானே பெட்டியை விட்டு ஓடினேன்.

சரி, பற்ற வைப்போம்.

சில்லாட்டையில் ஒரு கை நிறைய எடுத்து, தளர்வாகச் சுருட்டி, வெளியே வைத்தே நுனியில் தீ காட்டுங்கள். நன்றாகப் பிடித்ததும், எரியும் பக்கம் கீழாக டப்பாவுக்குள் இறக்குங்கள். துருத்தியை மெதுவாக நாலைந்து அமுக்கு. தீ மேலே எழும், எழட்டும். அப்போது ஒரு கதம்பை உருண்டையைப் பிய்த்துப் போடுங்கள், இறுக்காமல். மறுபடி அமுக்குங்கள். அது சிவந்து பிடித்த பிறகுதான் அடுத்தது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இங்கேதான்: முதல் தீ தெரிந்ததுமே டப்பா நிறையத் திணித்து மூடியைச் சாத்திவிடுகிறார்கள். கீழே கங்கு சேர்வதற்கு முன் மேலே பாரம் ஏறினால் அணையத்தான் செய்யும். அவசரப்படாமல் ஐந்து நிமிடம் இதற்கென்று ஒதுக்குங்கள். முக்கால் டப்பா வந்ததும், இப்போது கையால் ஒரு அமுக்கு அமுக்கி இறுக்கிவிடலாம். அதற்கு மேலே ஒரு பிடி பச்சைப்புல். இந்தப் பச்சைப்புல்லைத் தவறவிடாதீர்கள். தீப்பொறி ஸ்மோக்கரின் மூக்கு (புகை வரும் குழாய்) வழியாகப் பறக்காமல் தடுப்பதும், சூட்டைத் தணிப்பதும் அதுதான். மூடியைச் சாத்தி, பெட்டிப் பக்கம் போகாமல் ஐந்து நிமிடம் கீழே வையுங்கள். திரும்பி வந்து ஒரு அமுக்கு அமுக்கும்போது புகை வந்தால் சரி. வரவில்லையென்றால் முதலிலிருந்து. இந்தச் சோதனை செய்யாமல் பெட்டியைத் திறக்கவே கூடாது.

புகையைக் கண்ணால் பாருங்கள், கையாலும் பாருங்கள். ஸ்மோக்கர் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்மணிக்கட்டைக் காட்டித் துருத்தியை அமுக்குங்கள். இட்லிக் கொப்பரை ஆவி மாதிரிச் சுட்டால் அந்தப் புகை ஈக்கு ஆகாது, சிறகு கருகும். வெதுவெதுப்பு கூட இல்லாமல், வெள்ளையாக, கெட்டியாக வர வேண்டும். நீலம் ஓடி, மெலிந்து, வேகமாக வந்தால் உள்ளே கொழுந்து விட்டு எரிகிறது. இன்னும் கொஞ்சம் புல் வையுங்கள். கருப்புத் துகள் தெறித்தால் கதம்பை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒழுங்காக அடைத்த ஒரு டப்பா முக்கால் மணி நேரம் தாக்குப் பிடிக்கும். அதற்குள் நான் பத்துப் பெட்டி பார்த்துவிடுவேன்.

எப்போது போவது? வெயில் வந்து வெளிவேலை ஈக்கள் பாதி வெளியே போயிருக்கும் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். மூடாப்பாக இருக்கும் நாள், மழை வரப்போகும் நேரம், இருட்டத் தொடங்கும் நேரம், ஆடி மாதம் மாதிரித் தீனி இல்லாத காலம், இதிலெல்லாம் ஈக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். புகையால் அதைச் சரிக்கட்ட முடியாது, நாளை மாற்றுங்கள். மல்லிகைப்பூ, சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பெட்டிக்கு முன்னால் போய் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், ஈ வந்துபோகும் வழியை மறிக்கக் கூடாது. வாசலுக்கு ஒரு முழம் தள்ளி ஸ்மோக்கரைப் பிடித்து, ஒரு அமுக்கு. மெதுவாக, தூங்கும் பிள்ளைக்கு விசிறுவது போல. இன்னொன்று. தேவைப்பட்டால் மூன்றாவது. அவ்வளவுதான். ஸ்மோக்கரைக் கீழே வைத்துவிட்டு நூறு வரை எண்ணுங்கள். உள்ளே இரைச்சல் முதலில் ஏறும், அப்புறம் ஒரே சீராக முனகலாக இறங்கும். அந்த இறக்கம் காதில் விழும்போது மூடியை ஒரு பக்கம் மட்டும் விரல் கனத்துக்குத் தூக்கி, உள்ளே ஒரு சின்ன அமுக்கு. பிறகு முழுசாகத் திறக்கலாம். அடை கட்டிய மரச் சட்டங்களை எடுக்கத் தொடங்கியதும் ஈக்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். அவை அடையில் தலையை விட்டு வேலை பார்த்தால் புகைக்கே அவசியமில்லை. சட்டத்தின் மேல்கட்டையில் வரிசையாக ஏறி நின்று, தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் ஒரு அமுக்கு, அதுவும் சட்டத்துக்கு மேலாகத் தவழ்ந்து போகிற மாதிரி. நேராக முகத்தில் அடிப்பது போல அடைக்குள் பீய்ச்ச வேண்டாம்.

இதை நான் படித்துக் கற்றதில்லை. மறுபடி பெட்டி வைத்த முதல் வருடம், புது ஸ்மோக்கர் வாங்கிய உற்சாகம். ஒரு நல்ல கூட்டம், எட்டுச் சட்டமும் நிறைய ஈ. ராணியைப் பார்க்க வேண்டும் என்று திறந்தேன். ஈ கொஞ்சம் இரைந்ததும் பயந்துபோய் விடாமல் அடித்தேன். ஈக்கள் அடையை விட்டுக் கழன்று, திரளாகப் பெட்டியின் மூலைக்கு ஓடின, பாதி வாசல் வழியாக வெளியே வந்து பெட்டி முகப்பில் தாடி மாதிரித் தொங்கின. ராணி அந்தத் திரளுக்குள் எங்கேயோ. அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “மக்ளே, நீ ஈக்குப் புகை போடுகியா, இல்ல மீன் சுடுகியா?” என்றார். எனக்குக் கோபம். அடுத்த நாளும் திறந்தேன், மறுபடி அதே புகை. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குக் கூட்டம் மொத்தமும் கிளம்பி, பலா மரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அடையில் தேன் இருந்தது, புழு இருந்தது, ஈ ஒன்றுகூட இல்லை. இத்தாலியத் தேனீ அப்படிச் சட்டென்று வீட்டை விட்டுப் போகாது. நம் ஈ ரோஷக்காரி, இரண்டு நாள் தொந்தரவு செய்தால் பெட்டியைக் காலி செய்துவிடும்.

தேன் எடுக்கும் காலத்துக்குத் தனியாக இரண்டு சொல்ல வேண்டும். எங்கள் தேன் ரப்பர்த் தேன். மார்கழி, தையில் ரப்பர் இலை உதிரும், தளிர் வரும்போது இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் தேனைத்தான் ஈ எடுக்கிறது, பூவிலிருந்து அல்ல. மாசி, பங்குனி முழுக்க வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை தேன் தட்டு (பெட்டியில் தேனுக்கென்று வைக்கும் மேலடுக்கு) நிறையும். அந்தச் சமயத்தில் தோட்டத்தில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு, அப்பளம் மாதிரி நொறுங்கும். கையில் நெருப்பு டப்பாவோடு அதற்குள் நடக்கிறோம். ஒரு தடவை ஸ்மோக்கரைச் சருகு மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்; அடிப்பக்கச் சூட்டிலேயே புகைய ஆரம்பித்துவிட்டது. மிதித்து அணைத்தேன், ஒரு சாக்கு அளவு இடம் கருகியது, அவ்வளவோடு போனது. இப்போது ஒரு ஓட்டுத்துண்டு கூடவே வரும், ஸ்மோக்கர் அதன் மேல்தான் உட்காரும். ஐந்து லிட்டர் கேனில் தண்ணீரும் எடுத்துப் போகிறேன். கதம்பையை நிரப்புவதும் கொட்டுவதும் பாதையில் வெறுந்தரையில் மட்டும்.

இன்னொன்று, தேன் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். தேன் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மேல் புகை விட்டால், பாட்டிலைத் திறக்கும்போது கரிப்பானை வாசம் வரும். வாசலில் போட்ட புகையே போதும். தேன் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெட்டிக்கு மேலேயே ஒரு உதறு உதறி, மிச்ச ஈயைப் பச்சை இலைக்கொத்தால் வருடிவிட்டு, மூடியுள்ள பாத்திரத்துக்குள் வையுங்கள். புகையால் ஈயை விரட்டித் தேன் எடுப்பவர் தேனை வாயில் வைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

கொட்டு வாங்கினால் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு அமுக்குப் புகை விடுங்கள். வாழைப்பழ வாசனை அமுங்கும், அடுத்த ஈ அங்கே வருவது குறையும். சிலருக்குக் கொட்டினால் உடம்பெல்லாம் தடிக்கும், தொண்டை அடைக்கும், மூச்சு இழுக்கும். அதற்குச் சுண்ணாம்பும் மஞ்சளும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

சுவர்ப் பொந்து, மீட்டர் பெட்டி, பழைய பானை இதிலிருந்து கூட்டம் பிடிக்கும்போதும் ஸ்மோக்கர் வேண்டும், ஆனால் முறை வேறு. வாசல் பக்கமாகப் புகை விட்டால் ஈ இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். முடிந்தால் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை போட்டு அந்த வழியாக விடுங்கள். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டி, பெட்டிக்குள் வைத்து, ராணியையும் கூண்டில் போட்டு உள்ளே வைத்துவிட்டால், மிச்ச ஈ தானே வரும். அப்போது பொந்துக்குள் மட்டும் ஒரு அமுக்கு, திரும்பப் போகாமல் இருக்க. இரண்டு கூட்டத்தை ஒன்றாகச் சேர்க்கும் சாயங்காலமும் இரண்டு பெட்டிக்கும் சமமாகப் புகை போடுவேன். வீட்டு வாசனை மங்கினால் சண்டை குறைகிறது. சிறுதேன் ஈக்கு (கொசுத்தேனீ) கொட்டும் கொடுக்கே கிடையாது, அதற்கு எதற்குப் புகை? மலைத்தேனீ பக்கம் இந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். நீலகிரியில் குறும்பர்கள் பச்சிலைக் கட்டைப் புகையவிட்டுப் பாறையில் இறங்குவது தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். உயரமான தண்ணீர் டேங்கில் தொங்கும் கூட்டுக்கு யூடியூப் பார்த்துவிட்டு ஏறும் வேலை வேறு.

காலி அடைகளை மெழுகுப்புழுவிலிருந்து காக்கக் கந்தகப் புகை போடுவது உண்டு. ஈ இல்லாத அடைக்கு மட்டும், வீட்டுக்கு வெளியே, தனிச் சட்டியில். ஸ்மோக்கரில் ஒரு நாளும் கந்தகம் போடாதீர்கள். அடுத்த தடவை மறந்துபோய் ஈக்கு ஊதினால் பெட்டி காலி.

வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. மூக்கு ஓட்டையில் பச்சை வாழைமட்டையை நறுக்கிச் சொருகுங்கள், அடி ஓட்டையிலும் ஒன்று. காற்று இல்லாமல் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். கரிந்த கதம்பை உள்ளேயே இருக்கும், அடுத்த தடவை பற்றவைக்க அதை மாதிரி ஒன்று கிடையாது. கொட்டியே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். காரில், டெம்போவில் ஏற்றுகிறவர்கள் மூடி உள்ள தகர வாளிக்குள் வைத்து ஏற்றுங்கள்.

நாளாக ஆக மூடியின் உள்பக்கமும் மூக்கிலும் கருப்பாகத் தார் படியும். ஒரு நாள் மூடி திறக்காமல் அடம்பிடிக்கும். சூடாக இருக்கும்போதே பழைய கத்தியால் சுரண்டினால் வந்துவிடும், ஆறிவிட்டால் உளி வேண்டும். ஓட்டைத் தட்டை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டுங்கள். துருத்தித் தோலுக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆனால் எண்ணெய் வாசனைக்கு எலி வரும். நான் கயிறு கட்டி உத்திரத்தில் தொங்கவிடுகிறேன். அப்பாவின் ஸ்மோக்கரை எலி தின்றது பரணில் வைத்ததால்.